வெப்பமண்டல நாட்டில் பயிரையும் வானிலையையும் பருவம் முழுக்கக் கண்காணிப்பது எப்படி?

ஒரு நாட்டின் அல்லது ஒரு மாகாணத்தின் பயிர் நிலவரத்தைத் தொடர்ந்து கவனித்துச் சொல்லும் வேலை உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேளாண் துறை அலுவலகமோ, உணவு உதவி நிறுவனமோ, தானிய வியாபாரமோ, பத்திரிகையோ, எதுவாகவும் இருக்கட்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து, எங்கே சிவப்பாக இருக்கிறது என்று தேடுவார்கள். சிவப்பைக் கண்டதும் வறட்சி என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சிவப்பு தரிசு நிலமாக இருக்கலாம், விதைப்பு இரண்டு வாரம் தள்ளிப்போன வயலாக இருக்கலாம், வெறும் மேகமாகக்கூட இருக்கலாம்.

வரைபடத்துக்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இன்றைக்கு வயலில் நிற்கும் பயிருக்கு என்ன வயது? அது தெரியாமல் எந்த மழைக் கணக்கும் பாதிக் கணக்குதான்.

ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் 2023-24 பருவத்தில் நடந்ததைப் பாருங்கள். ஜனவரி கடைசியில் மழை நின்றது. பிப்ரவரி முழுக்க வெயில் காய்ந்தது. அங்கே மக்காச்சோளம் பூத்து மணி பிடிக்கிற நேரம் அது. பிப்ரவரி 29 அன்று ஜாம்பியா தேசியப் பேரிடர் அறிவித்தது. மார்ச்சில் மலாவி, ஏப்ரல் தொடக்கத்தில் ஜிம்பாப்வே. அதே நாடுகளில் ஆகஸ்ட் மாதம் முழுக்க ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள், அது வழக்கமான வறண்ட காலம், மானாவாரி வயலில் எதுவும் இருக்காது. ஆக, மழை எத்தனை மில்லிமீட்டர் என்பதோடு அது பயிரின் எந்தக் கட்டத்தில் பெய்தது, எந்தக் கட்டத்தில் தவறியது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இதை ஒட்டித்தான்.

படி 1: பயிர் நாட்காட்டியைக் கையால் போடுங்கள்

வெப்பமண்டலத்தில் குளிர்காலம் பருவத்தைத் தீர்மானிப்பதில்லை, மழைதான் தீர்மானிக்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய பல பகுதிகளில் ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். கென்யாவில் மார்ச் முதல் மே வரை நீண்ட மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குறுகிய மழை. கோட்டிலிருந்து விலகிப் போகப் போக இரண்டும் ஒன்றாகிவிடும். சகாராவுக்குத் தெற்கே உள்ள சாகேல் பகுதியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரே மழைக்காலம். ஜிம்பாப்வே பக்கம் நவம்பரில் தொடங்கி மார்ச், ஏப்ரலில் முடியும். ஒரே நாட்டுக்குள்ளேயே இது மாறும். இலங்கையில் மகா, யால என இரண்டு போகங்கள், ஈர வலயத்துக்கும் உலர் வலயத்துக்கும் மழை நடத்தை வேறு. எனவே நாட்டுக்கு ஒரு நாட்காட்டி என்று போடாதீர்கள். மழை ஒரே மாதிரி பெய்யும் பகுதிகளாக நாட்டைப் பிரித்து, பகுதிக்கு ஒன்று போடுங்கள்.

ஒரு தாளில் 36 கட்டங்கள் வரையுங்கள். மாதத்துக்கு மூன்று: 1 முதல் 10 வரை, 11 முதல் 20 வரை, 21 முதல் மாதக் கடைசி வரை. இந்தப் பத்து நாள் கணக்கை வேளாண் வானிலைக்காரர்கள் டெகாட் என்பார்கள். நாள் கணக்கு ரொம்பப் பொடி, மாதக் கணக்கு ரொம்ப முரடு. பத்து நாள்தான் பயிருக்குச் சரியாகப் பொருந்துகிறது. ஒவ்வொரு பயிருக்கும் எந்தக் கட்டத்தில் விதைப்பு, எதில் பூப்பு, எதில் அறுவடை என்று குறியுங்கள். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு பல நாடுகளுக்குப் பயிர் நாட்காட்டி வெளியிட்டிருக்கிறது. அதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டு, உள்ளூர் வேளாண் அலுவலர்களிடம் கடந்த மூன்று பருவங்களில் விதைப்பு உண்மையில் எப்போது நடந்தது என்று கேட்டுத் திருத்துங்கள். புத்தகத் தேதிக்கும் வயல் தேதிக்கும் இரண்டு, மூன்று கட்டம் வித்தியாசம் இருப்பது சாதாரணம்.

நெல்லுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வெப்பமண்டலத்தில் குறுகிய கால ரகமோ நீண்ட கால ரகமோ, பூத்ததிலிருந்து அறுவடைக்குச் சுமார் 30 நாள். கதிர் உள்ளே உருவாகத் தொடங்கியதிலிருந்து பூப்பதற்குச் சுமார் 35 நாள். ரகத்துக்கு ரகம் கூடிக் குறைவதெல்லாம் அதற்கு முந்தைய வளர்ச்சிக் காலம்தான். அறுவடை எப்போது என்று மட்டும் ஒருவர் சொன்னால் போதும், அங்கிருந்து பின்னோக்கி எண்ணி, தண்ணீர் தவறக்கூடாத நாட்களைக் கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கட்டங்களைச் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். மக்காச்சோளத்துக்குப் பூக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டிரண்டு வாரம் சிவப்பு.

மானாவாரியும் பாசனமும் தனித்தனித் தாளில் இருக்கட்டும். பாசனப் பயிருக்கு அந்த வயலின் மேல் பெய்யும் மழையைவிட, மேலே நீர்ப்பிடிப்புப் பகுதியில் பெய்த மழையும் அணையின் நீர் மட்டமும்தான் கணக்கு. இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

படி 2: மழையைப் பத்துப் பத்து நாளாகப் படியுங்கள்

தரையில் இருக்கும் மழைமானிதான் அடிப்படை. 1 மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் 1 லிட்டர் தண்ணீர். வானிலைத் துறையின் பட்டியல் வந்ததும் முதலில் மழை அளவைப் பார்க்காதீர்கள், காலிக் கட்டங்களைப் பாருங்கள். 0 என்று எழுதியிருந்தால் மழை இல்லை. காலியாக விட்டிருந்தால் யாரும் அளக்கவில்லை. கணினியில் ஏற்றும்போது காலிக் கட்டம் பூஜ்யமாக மாறிவிட்டால், இல்லாத வறட்சி ஒன்று உங்கள் அறிக்கையில் பிறந்துவிடும். வெள்ளம் வந்து பாதை துண்டிக்கப்பட்ட வாரத்தில்தான் அளவீடுகள் வராமல் போகும் என்பதால், மழை கொட்டிய இடமே வறண்ட இடமாகப் பட்டியலில் நிற்கும். விடுமுறை நாளில் காலியும், மறுநாள் இரண்டு நாள் மழை சேர்ந்த பெரிய எண்ணும் இருப்பதும் சகஜம். பத்து நாள் கூட்டலில் அது சரியாகிவிடும், ஆனால் ஒரே நாளில் பேய்மழை என்று எழுதிவிடக் கூடாது.

வெப்பமண்டல மழையில் பெரும்பகுதி இடிமேகத்தில் வருவது. ஓர் ஊரில் 60 மில்லிமீட்டர் கொட்டும், அடுத்த ஊரில் மண் நனையாது. மாவட்டத்துக்கு ஒரே மழைமானி இருந்தால் அது அதன் அக்கம்பக்கத்துக்கு மட்டும் சாட்சி. இடைவெளியை நிரப்பச் செயற்கைக்கோள் மழைத் தரவு வேண்டும். இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். ஒன்று சிர்ப்ஸ். 1981 முதல் தொடர்ச்சியாக இருக்கிறது, ஒரு கட்டத்தின் அகலம் சுமார் 5 கிலோமீட்டர், செயற்கைக்கோள் மதிப்பீட்டோடு தரை அளவீடுகளையும் கலந்து செய்தது. நீண்ட வரலாறு இருப்பதால் இந்த ஆண்டை மற்ற ஆண்டுகளோடு ஒப்பிட இது வசதி. மற்றொன்று ஐமெர்க். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை, சுமார் 10 கிலோமீட்டர் கட்டம், சில மணி நேரத்திலேயே கிடைக்கும். நேற்று இரவு என்ன நடந்தது என்று பார்க்க இது. இந்தத் தரவுகளில் பயன்படும் அகச்சிவப்புக் கருவி மேகத்தின் உச்சி எவ்வளவு குளிராக இருக்கிறது என்பதைக் கொண்டு மழையை ஊகிக்கிறது. அதனால் கடற்கரையிலும் மலைச் சரிவிலும் உயரம் குறைந்த மேகங்கள் பொழியும் மழையைக் குறைத்துக் காட்டக்கூடும். அந்த இடங்களில் மழைமானியை நம்புங்கள்.

சரி, தரவு வந்துவிட்டது. அதில் நான்கைத் தேடுங்கள்: மழை எப்போது தொடங்கியது, இடையில் நீண்ட இடைவெளி எது, பத்து நாளுக்கு எவ்வளவு, எப்போது முடிந்தது.

தொடக்கத்துக்கு ஆப்பிரிக்காவில் பரவலாகப் புழங்கும் ஒரு விதி உண்டு. ஒரு பத்து நாளில் குறைந்தது 25 மில்லிமீட்டர் பெய்து, அடுத்த இரண்டு பத்து நாட்களில் சேர்ந்து குறைந்தது 20 மில்லிமீட்டர் பெய்திருந்தால்தான் பருவம் தொடங்கியதாகக் கணக்கு. இந்த இரண்டாவது நிபந்தனை எதற்கு? முதல் மழையைப் பார்த்து விதைத்து, அப்புறம் மூன்று வாரம் காய்ந்து, முளைத்தது கருகி, மறுபடி விதை வாங்கி விதைப்பது மானாவாரி விவசாயத்தில் அடிக்கடி நடப்பது. அந்தப் பொய்த் தொடக்கத்தை இந்த நிபந்தனை வடிகட்டுகிறது. உங்கள் நாட்டு மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளலாம், நிபந்தனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இடைவெளியை எப்படி மதிப்பிடுவது? இதற்குக் கணினி வேண்டாம், பேனா போதும். வளர்ந்த பயிர் வெப்பமண்டல வெயிலில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் தண்ணீரைச் செலவழிக்கும். மணல் மண் ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் நீரைப் பயிருக்குக் கொடுக்கும்படி பிடித்து வைக்கும், களிமண் 200 வரை. வேர் 60 சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால், மணலில் 36, களியில் 120. அதில் பாதி தீர்ந்ததுமே பயிர் தவிக்கத் தொடங்கும் என்று கொள்வோம். மணலில் 18 மில்லிமீட்டர், அதாவது மூன்றரை நாள். களியில் 60 மில்லிமீட்டர், 12 நாள். மழை நின்று பத்து நாள் ஆன ஒரே மாவட்டத்தில் ஒரு விவசாயி தலையில் கை வைத்திருப்பார், இன்னொருவர் களை எடுத்துக்கொண்டிருப்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. மண் வரைபடத்தை ஒருமுறை தேடி எடுத்து மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்த மழை ஏமாற்றுவதற்கு இந்தியாவின் 2002 நல்ல உதாரணம். ஜூன் மாதம் மழை ஓரளவு வழக்கம்போலத்தான் இருந்தது. விதைப்புக்கு முக்கியமான ஜூலையில் நாடு முழுவதற்குமான மழை வழக்கத்தில் ஏறத்தாழ பாதிதான். அந்த ஒரு மாதம்தான் அந்த ஆண்டின் சாகுபடியைக் கெடுத்தது.

வெப்பநிலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெப்பமண்டலத்தில் அது மழை அளவுக்கு ஆடாது. இரண்டு எண்களை மட்டும் கவனியுங்கள். நெல் பூக்கும் நேரத்தில் பகல் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பதர் கூடும். இரவு வெப்பத்தையும் விடாதீர்கள்: பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வயல் பதிவுகளை வைத்து 2004இல் வெளியான ஆய்வில், வறண்ட பருவத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடும்போது விளைச்சல் சுமார் 10 சதவீதம் குறைந்தது தெரிய வந்தது.

படி 3: இப்போது பச்சையைப் பாருங்கள்

என்டிவிஐ என்ற எண்ணை எங்கும் பார்ப்பீர்கள். உயிருள்ள இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அண்மை அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். திரும்பி வரும் அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டலால் வகுத்தால் என்டிவிஐ. வெறும் மண் 0.1, 0.2 அளவில் இருக்கும். அடர்ந்த பயிர் 0.7, 0.8 என்று போகும். தண்ணீர் பூஜ்யத்துக்கும் கீழே.

இதை எங்கே பார்ப்பது? மாவட்ட அளவுக்கு மோடிஸ் என்ற செயற்கைக்கோள் கருவி போதும்: 250 மீட்டர் துல்லியம், 2000 முதல் வரலாறு. வயல் அளவுக்கு ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்: 10 மீட்டர் துல்லியம், ஐந்து நாளுக்கு ஒரு படம், கோப்பர்னிக்கஸ் உலாவி என்ற இணையதளத்தில் இலவசம். உணவு வேளாண் அமைப்பு வெளியிடும் வேளாண் அழுத்தக் குறியீடு, ஒரு நிர்வாகப் பகுதியின் பயிர் நிலத்தில் எத்தனை சதவீதம் வறட்சியில் தவிக்கிறது என்று பத்து நாளுக்கு ஒருமுறை நேரடியாகவே சொல்லிவிடும். புதியவர் அதிலிருந்து தொடங்குவது நல்லது.

படத்தைவிடக் கோட்டுப்படம் அதிகம் சொல்லும். ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, கிடை அச்சில் 36 கட்டம், செங்குத்தில் என்டிவிஐ வைத்து, இந்த ஆண்டின் கோட்டையும் பல ஆண்டுச் சராசரிக் கோட்டையும் சேர்த்து வரையுங்கள். ஒரு கற்பனைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். சராசரி ஆண்டில் 15ஆம் கட்டத்தில் பச்சை ஏறத் தொடங்கி, 21ஆம் கட்டத்தில் 0.70 என்ற உச்சத்தைத் தொட்டு, 27இல் இறங்கிவிடும். இந்த ஆண்டு 18ஆம் கட்டம் நடக்கிறது. சராசரி 0.55 இருக்க வேண்டிய இடத்தில் 0.38தான் இருக்கிறது. சராசரியிலிருந்து விலகலைக் காட்டும் வித்தியாச வரைபடம் இந்தப் பகுதியை அடர்சிவப்பாகக் காட்டும். ஆனால் கோட்டைப் பாருங்கள். இந்த ஆண்டு ஏற்றமே 17ஆம் கட்டத்தில்தான் தொடங்கியிருக்கிறது. தொடங்கிய பிறகு ஏறும் வேகம் சராசரியைப் போலவே இருக்கிறது. கோட்டை இரண்டு கட்டம் இடப்பக்கம் நகர்த்தினால் சராசரியோடு ஒட்டிக்கொள்ளும். பயிர் நன்றாகத்தான் இருக்கிறது, வயது இருபது நாள் குறைவு. அவ்வளவே.

கேள்வி இப்போது வேறு பக்கம் திரும்புகிறது. இருபது நாள் பின்தங்கிய பயிர் பூக்கும்போது மழை இருக்குமா? வழக்கமாக மழை 26ஆம் கட்டத்தில் முடியும் என்றால், மணி பிடிப்பதற்குத் தண்ணீர் மண்ணில் மிஞ்சியிருந்தால்தான் உண்டு. ஆக ‘வறட்சி’ என்று எழுதாமல், ‘தாமத விதைப்பு, பருவக் கடைசி மழையைப் பொறுத்து ஆபத்து’ என்று எழுதுவீர்கள். இரண்டு வாக்கியமும் படிக்கிறவரை வெவ்வேறு முடிவுக்குக் கொண்டுபோகும்.

கோடு ஏறிய பிறகு உச்சம் தொடாமலே தட்டையாகிவிட்டால், அல்லது முன்கூட்டியே சரிந்தால், அப்போதுதான் உண்மையான அழுத்தம். திடீரென்று ஒரே கட்டத்தில் மட்டும் குழி விழுந்து அடுத்த கட்டத்தில் ஏறினால் அது அனேகமாக மேகம்.

மேகம்தான் வெப்பமண்டலக் கண்காணிப்பின் பெரிய தலைவலி. பயிர் வளரும் காலமும் வானம் மூடியிருக்கும் காலமும் ஒன்றே. சென்டினல்-2 ஐந்து நாளுக்கு ஒருமுறை கடந்து போனாலும், மாதத்தில் ஒரு தெளிவான படம்கூடக் கிடைக்காத பகுதிகள் உண்டு. அங்கே சென்டினல்-1 ரேடாருக்குப் போங்கள். அது மேகத்தை ஊடுருவிப் பார்க்கும், இரவிலும் பார்க்கும். நெல்லுக்கு இது தனி வரம். நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயல் ரேடாரில் கறுப்பாகத் தெரியும், பயிர் எழும்ப எழும்ப வெளுக்கும். எந்த வாரத்தில் எவ்வளவு பரப்பில் நடவு நடந்தது என்பதை இப்படிக் கணக்கெடுக்கலாம்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. செயற்கைக்கோளுக்குக் களையும் பச்சை, காடும் பச்சை. பயிர் நில வரைபடத்தை வைத்து மற்றதை மறைத்துவிட்டுப் பாருங்கள். அடுத்தது, இலை அடர்ந்த பிறகு என்டிவிஐ ஓரளவுக்கு மேல் ஏறாது. 0.8 இருக்கிறது என்பதற்காக அமோக விளைச்சல் என்று எழுதாதீர்கள். இலை இருக்கும், மணி இருக்காது.

படி 4: முன்னறிவிப்பை அதன் எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்

மூன்று முதல் ஐந்து நாள் முன்னறிவிப்பைக் கொண்டு மருந்தடிப்பது, அறுவடை செய்வது போன்ற முடிவுகளை எடுக்கலாம். பத்து நாளுக்கு மேல் போனால் குறிப்பிட்ட நாளில் மழை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு, மேடன்–ஜூலியன் அலைவு என்ற ஒன்று உதவும். மேகமும் மழையும் நிறைந்த ஒரு பட்டை 30 முதல் 60 நாளில் நிலநடுக்கோட்டை ஒட்டிக் கிழக்கு நோக்கி நகரும். அது உங்கள் பக்கம் வரும்போது மழை வலுக்கும், கடந்த பிறகு ஓயும். நடுப்பருவ இடைவெளி நீளுமா என்று ஊகிக்க இது ஒரு தடயம்.

பருவம் முழுவதற்குமான கணிப்புக்கு எல் நினோ, லா நினா. பசிபிக்கின் நடுவில் நினோ 3.4 என்று ஒரு கட்டம் குறித்து வைத்திருக்கிறார்கள். அங்கே கடல் மேற்பரப்பு வெப்பம் சராசரியைவிட 0.5 டிகிரி கூடி நீடித்தால் எல் நினோ, அதே அளவு குறைந்து நீடித்தால் லா நினா. எல் நினோ ஆண்டில் இந்தோனேசியா, ஆப்பிரிக்காவின் தென்பகுதி, பிரேசிலின் வடகிழக்கு ஆகியவை காயும் வாய்ப்பு அதிகம். கிழக்கு ஆப்பிரிக்காவின் அக்டோபர்–டிசம்பர் மழை வலுக்கும் வாய்ப்பு அதிகம். அங்கே 2020 கடைசி முதல் 2022 கடைசி வரை அடுத்தடுத்து ஐந்து மழைக்காலங்கள் பொய்த்தபோது பசிபிக்கில் லா நினா மூன்று ஆண்டாக உட்கார்ந்திருந்தது. 2023இல் எல் நினோ வந்ததும் வறண்டு கிடந்த அதே கென்யா, சோமாலியா பகுதிகளில் வெள்ளம்.

ஆனால் எல் நினோ என்ற ஒரு சொல்லை வைத்தே அறிக்கை எழுதிவிடாதீர்கள். 1997இல் வலுவான எல் நினோ இருந்தும் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை சராசரியை ஒட்டி, சற்றுக் கூடுதலாகவே பெய்தது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கம் சூடாகவும் கிழக்குப் பக்கம் குளிராகவும் இருக்கும் நிலை அந்த ஆண்டு அதற்குக் கைகொடுத்தது என்பார்கள். இந்தியப் பெருங்கடல் இருமுனை என்று அதற்குப் பெயர். 2019இல் அது மிக வலுவாக இருந்தபோது கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை அடித்து நொறுக்கியது. ஆகவே இரண்டு கடலையும் பாருங்கள். இன்னொன்று, மார்ச் முதல் மே வரையில் வெளியாகும் எல் நினோ கணிப்புகள் மற்ற மாதங்களில் வருவதைவிட நம்பகம் குறைந்தவை. அந்த நேரத்தில் வரும் பரபரப்புச் செய்திகளுக்கு ஆடாமல் ஜூன் கணிப்புக்குக் காத்திருங்கள்.

தெற்காசியா, கிழக்கு ஆப்பிரிக்கா, ஆப்பிரிக்காவின் தென்பகுதி போன்ற வட்டாரங்களில் வானிலைத் துறைகள் ஒன்றுகூடிப் பருவக் கணிப்பு வெளியிடும் மன்றங்கள் இருக்கின்றன. அவர்கள் 45–35–20 என்பது போல மூன்று எண் தருவார்கள். வழக்கத்தைவிடக் குறைவாகப் பெய்ய 45 சதவீதம், வழக்கம்போல 35, கூடுதலாக 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். எதுவும் தெரியாத நிலையிலேயே மூன்றுக்கும் 33 உண்டு என்பதை மறக்காதீர்கள். 33 என்பது 45 ஆனதற்காக வறட்சி உறுதி என்று தலைப்புப் போட்டால், கூடுதல் மழைக்கு இருக்கும் அந்த 20 ஒருநாள் உங்களைக் காலை வாரிவிடும்.

படி 5: வானத்திலிருந்து தெரியாததைத் தரையில் கேளுங்கள்

படைப்புழு 2016இல் ஆப்பிரிக்காவில் நுழைந்தது, 2018இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. குருத்துக்குள் உட்கார்ந்து தின்னும் அந்தப் புழுவை எந்தச் செயற்கைக்கோளும் காட்டாது. உரம் கிடைக்காதது, கூலி ஆள் வராதது, விதை முளைக்காதது, எதுவும் படத்தில் இல்லை. கூடுதல் மழை எப்போதும் நல்லது என்ற எண்ணத்தையும் தரைதான் திருத்தும். 2023இல் மேற்கு ஆப்பிரிக்காவில் கொட்டிய மழை கொக்கோ காய்களில் கருங்காய் அழுகல் நோயைப் பரப்பியது. கொக்கோ விலை 2024இல் டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். 2019 மார்ச் நடுவில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா பக்கம் கரையேறியபோது, அறுவடைக்குச் சில வாரங்களே இருந்த மக்காச்சோளம் மூழ்கியது. அதுவரை வந்த எல்லாப் பச்சை வரைபடங்களும் ஒரே நாளில் பழங்கதை.

பகுதிக்கு நாலைந்து பேரையாவது தொலைபேசியில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு வேளாண் அலுவலர், ஒரு விதைக்கடைக்காரர், ஒரு நெல் அல்லது சோள வியாபாரி, இரண்டு விவசாயிகள். “பயிர் எப்படி இருக்குங்க?” என்று கேட்டால் “ஏதோ பரவாயில்லை” என்றுதான் பதில் வரும், எந்த நாட்டிலும். தேதியும் அளவும் வரும்படி கேளுங்கள். எந்தத் தேதியில் விதைத்தீர்கள்? மறுபடி விதைக்க வேண்டி வந்ததா? கடைசியாக மண் நனைய மழை பெய்தது எப்போது? இலை காலையிலேயே சுருண்டிருக்கிறதா, மத்தியானம் மட்டுமா? மத்தியானம் சுருண்டு சாயங்காலம் விரிந்தால் பயிர் சமாளிக்கிறது, காலையிலும் சுருண்டே கிடந்தால் தண்ணீர் தீர்ந்துவிட்டது. விதைக்கடைக்காரரிடம் இரண்டாவது தடவை விதை விற்பனை எப்படி என்று கேட்டால், பொய்த் தொடக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்று விவசாயிகளுக்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார்.

சந்தை விலையையும் வாரம் ஒருமுறை குறியுங்கள். அறுவடை நெருங்கும்போது விலை இறங்க வேண்டும். இறங்காமல் நின்றால், கையிருப்பு வைத்திருப்பவர்கள் வரப்போகும் விளைச்சலை நம்பவில்லை என்று பொருள் கொள்ளலாம்.

படி 6: பத்து நாளுக்கு ஒருமுறை எழுதுங்கள்

ஜியோகிளாம் என்ற உலகளாவிய கூட்டமைப்பு, 2011இல் ஜி20 நாடுகள் தொடங்கியது, பயிர் நிலையை ஐந்தாகப் பிரிக்கிறது: மிகச் சிறப்பு, சாதகம், கவனிக்க வேண்டியது, மோசம், பயிர் இழப்பு. நீங்களும் அதையே வைத்துக்கொண்டால் மற்ற நாட்டு அறிக்கைகளோடு ஒப்பிட வசதி. கவனிக்க வேண்டியது என்ற வகையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். இங்கிருந்து தேறவும் செய்யலாம், விழவும் செய்யலாம் என்ற நிலை அது. பயிர் இழப்பு என்ற வகையை மட்டும் தரையிலிருந்து உறுதியாகாமல் போடாதீர்கள். ஒவ்வொரு வகையோடும் காரணம் ஒன்றை ஒட்டுங்கள்: வறட்சி, அதிக ஈரம், வெப்பம், தாமதத் தொடக்கம், பூச்சி, புயல்.

மழை, பச்சை, தரைத் தகவல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒன்றுபட்டால்தான் நிலையை மாற்றுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். மழை குறைந்த பத்து நாளிலேயே பச்சை விழாது, ஓரிரு கட்டம் கழித்துத்தான் தெரியும். பூக்கும் கட்டத்தில் இருக்கும் பயிருக்கு அந்தக் காத்திருப்பு அதிகம், அங்கே மழையும் தொலைபேசியும் போதும்.

ஒரு பகுதிக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். இப்படி: ‘வடக்கு மாவட்டங்கள், மானாவாரி மக்காச்சோளம், விதைத்து 50 முதல் 60 நாள், பூக்கத் தொடங்குகிறது. 14 நாளாக மழை இல்லை. மணல் மண் பகுதிகளில் இலை காலையிலும் சுருண்டிருப்பதாகத் தகவல். கவனிக்க வேண்டியது, காரணம் வறட்சி. அடுத்த ஐந்து நாளில் 25 மில்லிமீட்டர் வராவிட்டால் மோசம்.’ வயது முதலில், மழை அடுத்து, என்ன நடந்தால் கருத்தை மாற்றுவீர்கள் என்பது கடைசியில். சிவப்பாகத் தெரியும் பகுதி நாட்டின் மொத்தச் சாகுபடியில் எவ்வளவு என்பதையும் ஓர் எண்ணாகப் போட்டுவிடுங்கள். பரந்த வறண்ட மாவட்டம் வரைபடத்தில் பயமுறுத்தும், அங்கே விளைவது 2 சதவீதமாகவும் இருக்கலாம்.

ஒரே தரவுத் தளத்தை நம்பி முழு முறையையும் கட்டாதீர்கள். பஞ்ச முன்னெச்சரிக்கைக்காக 1985இல் அமெரிக்கா தொடங்கிய ஃபியூஸ் நெட், 2025 தொடக்கத்தில் நிதி நின்றதும் சில மாதங்கள் இருண்டு கிடந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திணறினார்கள். பத்து நாளுக்கு ஒருமுறை வேண்டிய தரவைத் தரவிறக்கி உங்கள் கணினியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்து அதிகாரப்பூர்வ விளைச்சல் கணக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அது வந்ததும் உங்கள் 36 கட்ட அறிக்கைகளை எடுத்து, எந்தக் கட்டத்தில் நீங்கள் சொன்னது முடிவோடு பொருந்தத் தொடங்கியது என்று பகுதிவாரியாகப் பாருங்கள். பழைய அறிக்கையைத் திருத்தி எழுதாதீர்கள், பக்கத்தில் வேறு நிற மையில் குறிப்பு எழுதுங்கள். தொடக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் என்று வைத்தது உங்கள் மண்ணுக்கு அதிகமா குறைவா, எந்த மாவட்டத்தில் சிர்ப்ஸ் குறைத்துக் காட்டுகிறது, யாருடைய தொலைபேசித் தகவல் சரியாக இருந்தது என்பதெல்லாம் அந்தக் குறிப்புகளில்தான் சேரும்.